வீட்டுப் பேச்சு மேடை ஏறும்போது

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எங்கள் இலக்கிய மன்ற விழாவில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நூறு நாள் வேலைக்குப் போய்வரும் தன் அம்மாவைப் பற்றி எழுதிய கவிதையை மேடையில் சொன்னாள். வீட்டில் பேசுகிற பேச்சிலேயே எழுதியிருந்தாள். கையில் தாள்கூட இல்லை. பின்வரிசைப் பையன்கள் உட்பட யாரும் அசையவில்லை. ஆனால் சிறப்பு விருந்தினர் பேசும்போது, "உணர்ச்சி இருக்கிறது, மொழிதான் கொச்சை. நல்ல தமிழில் எழுதிப் பழகு" என்று அவளுக்கு அறிவுரை சொன்னார். அதற்குப் பிறகு அவள் எழுதவே இல்லை.

சென்ற மாதம் என் மகன் கைப்பேசியில் சில வெளிநாட்டு இளைஞர்களின் காணொளிகளைக் காட்டினான். மைக் முன்னால் நின்று தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்கிறார்கள். 'ஸ்போக்கன் வேர்ட்' என்றான். பார்த்ததும் எனக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வந்தாள். இது கவிதையா, பேச்சா, நடிப்பா? இந்தக் கவிஞர்கள் பள்ளிகளுக்கும் போய்ச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? என் வகுப்பில் அதைச் செய்ய முடியுமா?

தமிழாசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் 'கொச்சை' என்ற சொல்லுக்கு வந்ததும் என் கண் நின்றுவிட்டது. நீங்கள் கேட்ட மூன்றுக்கும் அதன் வழியாகவே பதில் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது. அதனால் மகன் காட்டிய காணொளிகளைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் ஓடிக்கொண்டிருந்த ஒரு டிராம் வண்டியிலிருந்து தொடங்குகிறேன்.

லூயிஸ் பென்னெட் 1919இல் கிங்ஸ்டனில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட, தாய் துணி தைத்து வளர்த்தார். பள்ளியில் படித்த ஆங்கிலக் கவிதைகளைப் பார்த்து அதே மாதிரி தானும் எழுதிக்கொண்டிருந்த பெண், ஒருநாள் நன்றாக உடுத்திக்கொண்டு டிராமில் ஏறினார். கூடைகளோடு சந்தைக்கு வந்திருந்த கிராமத்துப் பெண்கள் பின்வரிசையில் இருந்தார்கள். சீமாட்டி மாதிரி ஒருத்தி தங்கள் பக்கம் வருவதைக் கண்டதும், அவளுக்கு இடம் கிடைக்காதபடி நன்றாகப் பரப்பி உட்காரச் சொல்லி ஒருத்தி இன்னொருத்திக்குக் குரல் கொடுத்தாள்.

அந்தப் பெண் பேசியது பாட்வா. அடிமைத் தோட்டங்களில் ஆங்கிலச் சொற்களும் ஆப்பிரிக்க மொழிகளின் ஓசையும் கலந்து உருவான மொழி. ஜமைக்கா மக்கள் வீட்டில் பேசுவது, சந்தையில் பேசுவது, பள்ளிக்கூடத்தில் பேசினால் 'உடைந்த ஆங்கிலம்' என்று திட்டு வாங்கித் தருவது. தான் படித்த எந்தக் கவிதையிலும் இல்லாத உயிர் அந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதாகப் பென்னெட்டுக்குப் பட்டது. அன்று முதல் பாட்வாவில் எழுதத் தொடங்கினார்.

1942இல் முதல் தொகுப்பு வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து 'கிளீனர்' நாளிதழில் அவர் கவிதைகள் வந்தன. அவர் சொல்லக் கேட்க ஊர் கூடியது. ஆனால் இலக்கியக்காரர்கள் அவரைத் திண்ணையோடு நிறுத்திவைத்தார்கள். 1962இல் ஜமைக்கா விடுதலை பெற்றபோது ஓர் இலக்கியத் தொகை நூல் வெளிவந்தது. நாட்டில் பாதிப் பேருக்கு மனப்பாடமாக இருந்த பென்னெட்டை அதன் கவிதைப் பகுதியில் தேடினால் கிடைக்க மாட்டார். கடைசியில் 'பல்வகை' என்று ஒதுக்கிய இடத்தில் போட்டிருந்தார்கள். மெர்வின் மாரிஸ் என்ற கவிஞர், இவரைச் சிரிப்பு மூட்டுகிறவர் என்று தள்ளாமல் கவிஞராக வைத்துப் படியுங்கள் என்று அந்தக் காலத்தில் தனியாக ஒரு கட்டுரை எழுதி வாதாட வேண்டியிருந்தது. உங்கள் மாணவிக்கு நடந்தது அவளுக்கு மட்டும் நடந்ததில்லை என்று அவளிடம் சொல்ல இந்தக் கதை உதவும்.

1945இல் பிரிட்டிஷ் கவுன்சில் உதவித்தொகையில் லண்டனின் புகழ்பெற்ற ராயல் நாடகக் கழகத்தில் படிக்கப் போனார். பிபிசி வானொலியில் நிகழ்ச்சிகள் நடத்தினார். அங்கேயே தங்கியிருக்கலாம். 1955இல் ஊர் திரும்பி, ஜமைக்கா சமூக நல ஆணையத்தில் நாடகத்துக்கான பொறுப்பில் சேர்ந்து கிராமம் கிராமமாகப் போனார். பாட்டிகளிடம் பாட்டும், பழமொழியும், அனான்சி என்ற தந்திரச் சிலந்தியின் கதைகளும் கேட்டுச் சேகரித்தார். சேகரித்ததை நாடகமாகவும் கவிதையாகவும் ஆக்கி மேடையில் கொடுத்தார். பல்கலைக்கழகத்தின் வெளிவகுப்புகளில் நாட்டார் வழக்காற்றியல் சொல்லிக்கொடுத்தார். மேடைக் கவிஞர் சமூக ஆசிரியராகவும் இருக்கிறார் என்று இன்று பெரிய சொல்லாகச் சொல்கிறோமே, அது அவருக்கு ஒரே வேலை. காலையில் கேட்டது மாலையில் மேடைக்கு வரும், மேடையில் சொன்னது மறுநாள் இன்னொரு ஊரின் வாயில் இருக்கும்.

1960களின் நடுவிலிருந்து 1982 வரை வானொலியில் பேசினார். தன் கருத்தை நேராகச் சொல்லாமல் 'எங்கள் ரோச்சி அத்தை சொல்வாள்' என்று ஆரம்பிப்பார். ஆங்கிலம் லத்தீனிடமும் பிரெஞ்சிடமும் வாங்கினால் அது வளர்ச்சி, நாம் ஆங்கிலத்திடம் வாங்கினால் மட்டும் எப்படிச் சிதைவு ஆகும் என்று அந்த அத்தையை வைத்துக் கேட்டார். 1970இலிருந்து சனிக்கிழமைக் காலைகளில் 'ரிங் டிங்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் நடத்தினார். ஐந்து நாள் வகுப்பில் அடக்கிவைத்த நாக்கோடு பிள்ளைகள் வருவார்கள். அதே நாக்கால் பாடச் சொல்வார், கதை சொல்லச் சொல்வார், நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். கடைசிக் காலத்தில் கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வாழ்ந்து 2006 ஜூலையில் இறந்தார். ஸ்கார்பரோ நம்மவர்களுக்கும் பழக்கமான ஊர். வீட்டில் எந்தத் தமிழ், மேடையில் எந்தத் தமிழ் என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிற தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஏராளம்.

இனி உங்கள் முதல் கேள்வி. இது கவிதைதான், காதுக்காக எழுதப்படும் கவிதை. படிக்கிறவர் புரியாத இடத்தில் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். கேட்கிறவருக்கு அந்த வசதி இல்லை. அதனால் முக்கியமான சொல் மறுபடி வர வேண்டும், வாக்கியம் ஒரு மூச்சுக்குள் அடங்க வேண்டும், எங்கே நிறுத்துவது என்பதும் எழுத்தின் பகுதியாக இருக்க வேண்டும். நம் கவியரங்குகளில் கவிஞர் ஒரு வரியைச் சொல்லி, கூட்டம் அதை வாங்கிக்கொண்டதா என்று பார்த்து, மறுபடி அதையே சொல்வாரே, அதே கணக்குதான். நல்ல வரி விழுந்தால் அங்கே கேட்பவர்கள் விரலைச் சொடுக்குவார்கள். கைதட்டல் அடுத்த வரியை மூழ்கடித்துவிடும், சொடுக்கு அப்படிச் செய்யாது. வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுகிற காரியத்தை அங்கே கூட்டமே செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடிப்பிலிருந்து பிரிகிற இடம் ஒன்று உண்டு. நடிகர் இன்னொருவராக மாறுகிறார். இங்கே சொல்பவர் தானாகவே நிற்கிறார். நம் பள்ளிகளில் இருக்கும் ஒப்புவித்தல் போட்டியிலிருந்தும் இது அதே இடத்தில்தான் பிரிகிறது.

உங்கள் மகன் காட்டிய காணொளிகள் பெரும்பாலும் 'ஸ்லாம்' என்ற போட்டி மேடையிலிருந்து வந்தவையாக இருக்கும். சிகாகோவில் கட்டட வேலை பார்த்துவந்த மார்க் ஸ்மித் என்பவர் 1986 ஜூலையில் 'கிரீன் மில்' என்ற ஜாஸ் விடுதியில் அதைத் தொடங்கினார். பேராசிரியர்கள் தாளைப் பார்த்து முணுமுணுக்க, இருபது பேர் மரியாதைக்கு உட்கார்ந்திருக்கும் வாசிப்புக் கூட்டங்கள் அவருக்கு அலுத்துப்போயிருந்தன. கூட்டத்திலிருந்தே ஐந்து பேரைப் பொறுக்கி எடுத்து நடுவர்கள் ஆக்கினார்கள். பத்துக்கு எத்தனை என்று அவர்கள் அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதிகமானதையும் குறைவானதையும் கழித்துவிட்டு நடுவில் உள்ள மூன்றைக் கூட்டுவார்கள். கவிதை சொந்தமாக இருக்க வேண்டும், மூன்று நிமிடத்தில் முடிய வேண்டும், வேடமோ பொருளோ இசைக்கருவியோ கூடாது. 1990இல் சான் பிரான்சிஸ்கோவில் தேசிய அளவில் முதல் போட்டி நடந்தது. ஸ்லாமுக்கு முன்பே, 1968இல் நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின உரிமைக் குரலாக 'தி லாஸ்ட் போயட்ஸ்' குழு கிளம்பியிருந்தது. அதே நகரத்தில் போர்ட்டோ ரிக்கோ மக்களின் கவிதை 1970களில் மிகேல் அல்கரீன் என்ற கவிஞரின் வீட்டு வரவேற்பறையில் கூடி, பிறகு 'நியூயோரிக்கன் போயட்ஸ் கஃபே' என்ற அரங்காக வளர்ந்தது. ஸ்லாம் அந்த மண்ணில் முளைத்த ஒரு கிளை.

மதிப்பெண் அட்டை கூட்டத்தைக் கவனிக்க வைப்பதற்கான ஒரு தூண்டில், அவ்வளவுதான். ஆனால் போட்டி தன் வேலையைக் காட்டாமல் இருக்காது. எந்த இடத்தில் குரலை உயர்த்தினால் அட்டை உயரும், எங்கே கிசுகிசுத்தால் கண் கலங்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோய், பல காணொளிகள் ஒரே ராகத்தில் கேட்கின்றன. உங்கள் மாணவர்களுக்கு இவற்றைக் காட்டுவதென்றால் அவர்கள் ஒரு முறையாவது சொந்தமாக எழுதிச் சொன்ன பிறகு காட்டுங்கள். முதலிலேயே காட்டினால் அந்த ராகத்தைத்தான் கற்பார்கள்.

பள்ளிகளில் என்ன நடக்கிறது என்று கேட்டீர்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்தக் கவிஞர்களில் பலருக்கு அடுப்பு எரிவது புத்தக விற்பனையால் இல்லை, பள்ளிப் பயிலரங்குகளால்தான். 1996இல் சான் பிரான்சிஸ்கோவில் 'யூத் ஸ்பீக்ஸ்' அமைப்பு பதின்வயதினருக்காகவே தொடங்கியது. 2001இல் சிகாகோவில் 'லவுடர் தேன் எ பாம்' என்ற இளைஞர் கவிதை விழா தொடங்கியது. நிறத்தாலும் வருமானத்தாலும் தெருத்தெருவாகப் பிரிந்து கிடக்கும் நகரம் அது. ஒரு பகுதிப் பிள்ளை இன்னொரு பகுதிக்குப் போக வேண்டிய தேவையே வராது. விழா அவர்களைப் பள்ளி அணிகளாக ஒரே அரங்கில் உட்காரவைத்தது. நான்கு அணிகளைப் பின்தொடர்ந்து 2010இல் எடுத்த ஆவணப்படத்தில் தனியாகச் சொல்லும் கவிதைகளோடு நான்கைந்து பேர் சேர்ந்து சொல்லும் கூட்டுக் கவிதையையும் பார்க்கலாம். ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடிக்கிறார், ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் தாங்குகிறார். வகுப்பறைக்கு அந்தப் பகுதிதான் மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பயிலரங்கின் உள்ளே பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. வட்டமாக உட்காருவார்கள். கவிஞர் ஒரு தூண்டுகோலைக் கொடுப்பார். எட்டு அல்லது பத்து நிமிடம் பேனாவைத் தூக்காமல், திருத்தாமல் எழுத வேண்டும். கவிஞரும் கூடவே எழுதுவார். பிறகு விரும்பியவர்கள் வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். கேட்டு முடித்ததும் 'நன்றாக இருந்தது' என்று சொல்ல அனுமதி இல்லை. காதில் தங்கிய ஒரு சொல்லை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தன் சொல் இன்னொருவர் வாயிலிருந்து வருவதைக் கேட்கும்போது ஒரு பிள்ளையின் முகம் மாறுவதை நான் பயிலரங்கு நடத்திய பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். பயிலரங்கில் நான் காத்திருப்பது அந்த நிமிடத்துக்காகத்தான்.

தூண்டுகோலில் ஓர் எச்சரிக்கை. ஜார்ஜ் எல்லா லயன் என்ற கென்டக்கி மாநிலத்துக் கவிஞரின் 'நான் எங்கிருந்து வருகிறேன்' என்ற பொருளுள்ள கவிதையை மாதிரியாக வைத்து, அமெரிக்காவில் எண்ணற்ற ஆசிரியர்கள் பிள்ளைகளை எழுத வைக்கிறார்கள். வீட்டுச் சாமான்கள், முற்றத்து மரம், பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பேச்சு ஆகியவற்றை அடுக்கிக்கொண்டே போகிற வடிவம், அருமையானது. நானும் அதை நம் பள்ளி ஒன்றில் அப்படியே கொண்டுபோய் வைத்தேன். வகுப்பில் பாதிப் பேர் தலை குனிந்தார்கள். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. 'நீ எங்கேயிருந்து வர்றே, எந்தத் தெரு?' என்பது நம் ஊரில் சாதி கேட்கிற கேள்வி. பிள்ளைகள் அதை நம்மைவிட நன்றாக அறிவார்கள். அதற்குப் பிறகு நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். காலையில் கண் விழித்ததும் உன் காதில் முதலில் விழும் சத்தம் எது? அம்மா கோபமாக இருக்கும்போது பாத்திரம் எப்படிப் பேசும்? உன் பாட்டி சொல்லி வேறு யாரும் சொல்லாத வார்த்தை எது? தெருவைச் சொல்வதும் மறைப்பதும் எழுதுகிற பிள்ளையின் விருப்பமாக இருக்கட்டும்.

நான் செய்த இன்னொரு தவறையும் சொல்கிறேன், நீங்கள் அதில் விழக் கூடாது என்பதற்காக. தொடக்க காலத்தில் 'உங்கள் வாழ்க்கையில் மிகவும் வலித்த நாளை எழுதுங்கள்' என்று கேட்டேன். ஒரு பெண் எழுதினாள், வாசித்தாள், அழுதாள். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. நான் அடுத்த ஊர் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டேன். அவளை அந்த வகுப்பில் விட்டுவிட்டு வந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. காயத்தைக் கேட்டு வாங்கக் கூடாது. தானாக வந்தால் வாங்கிக்கொள்ள, மறுநாளும் அதற்கு மறுநாளும் அங்கே இருக்கிற ஒருவர் வேண்டும். அது வருகிற கவிஞர் இல்லை, நீங்கள்தான். அதனால் வெளியிலிருந்து யாரை அழைத்தாலும் வகுப்பை ஒப்படைத்துவிட்டு வெளியே போகாதீர்கள். மேடைப் புகழ் உள்ள பெரியவர்களிடம் பிள்ளைகள் சட்டென்று மனம் ஒட்டிவிடுவார்கள். அந்த நம்பிக்கைக்குக் காவலாக ஆசிரியர் அறையில் இருக்க வேண்டும். வருகிறவருக்குப் பொன்னாடையோடு போக்குவரத்துச் செலவையும் சம்பளத்தையும் கொடுக்க வழி பாருங்கள்.

எழுத்துப்பிழைக்காகவே மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள் உங்களிடம் இருப்பார்கள். அவர்களுக்கு பெஞ்சமின் செஃபனையாவைப் பற்றிச் சொல்லுங்கள். 1958இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், கரீபியனிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். சரியாக எழுதப் படிக்க வராமல் பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுப் போனவர். சிறைக்கும் போயிருக்கிறார். அவருக்கு இருந்தது டிஸ்லெக்சியா என்பதே இருபதுகளில் முதியோர் வகுப்புக்குப் போனபோதுதான் தெரியவந்தது. ஆனால் அதற்கு வெகு முன்பே, பத்துப் பதினோரு வயதிலேயே தேவாலயத்தில் கவிதை சொல்லிக்கொண்டிருந்தார். கவிதை அவருக்கு வாயில் இருந்தது, தாளுக்குப் பிறகுதான் வந்தது. 1994இல் குழந்தைகளுக்காக அவர் வெளியிட்ட தொகுப்பு உடனே மறு அச்சுக்குப் போனது. ஆண்டுக்கணக்கில் பள்ளி பள்ளியாகச் சென்றார். 2011இல் லண்டன் புருனெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 2023 டிசம்பரில் மறைந்தார். வகுப்பில் பேனா பிடிக்கத் தயங்குகிற பிள்ளையை முதலில் சொல்ல விடுங்கள், பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்ளட்டும்.

உச்சரிப்பால் கூசுகிற பிள்ளைக்கு அமண்டா கோர்மனின் கதை. 2021 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் பதவியேற்பு விழாவில் தன் கவிதையைச் சொன்னபோது அவருக்கு 22 வயது. சிறு வயதிலிருந்தே அவருக்கு 'ர' ஒலி சரியாக வராது. அந்த ஒலி நெருக்கமாக வரும் ஒரு நாடகப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிப் பழகினார். பதின்வயதில் லாஸ் ஏஞ்சல்ஸில் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தாளர்கள் துணை நிற்கும் 'ரைட்கேர்ள்' அமைப்பில் இருந்தவர். ழகரம் வரவில்லை என்று மேடைப் பக்கமே வராத பிள்ளைகள் நம் பள்ளிகளில் எத்தனை பேர்!

'நல்ல தமிழ்' பற்றியும் பேசியாக வேண்டும். சிறப்பு விருந்தினர் தமிழ் மீதுள்ள அன்பில்தான் அப்படிச் சொல்லியிருப்பார். அவரை எதிரியாக்க வேண்டாம். உங்கள் மாணவிக்கு எழுத்துத்தமிழ் கட்டாயம் வேண்டும். தேர்வு அதில்தான் இருக்கிறது, மனு எழுதுவதும் அதில்தான், சங்கப் பாட்டுக்குப் போகும் வாசலும் அதுதான். லூயிஸ் பென்னெட்டுக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. அவர் இரண்டையும் வைத்துக்கொண்டு, எதை எங்கே எடுப்பது என்று தானே முடிவு செய்தார். அந்த முடிவைப் பிள்ளை கையில் கொடுக்க ஒரு பயிற்சி உண்டு. ஒரே செய்தியை இரண்டு தமிழிலும் எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் உரக்கப் படிக்க வையுங்கள். 'அம்மா களைத்துப்போய் வந்தாள்' என்பதற்கும் 'எங்கம்மா அடிச்சுப் போட்டாப்புல வந்துச்சு' என்பதற்கும் நடுவில் எது கூடுகிறது, எது குறைகிறது என்று வகுப்பே பேசட்டும். ஓர் இலக்கண வகுப்பும் அதற்குள் நடந்துவிடும். 'வந்தாள்' ஏன் 'வந்துச்சு' ஆகிறது, அதில் அம்மாவுக்கு மரியாதை குறைகிறதா அல்லது நெருக்கம் கூடுகிறதா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பாடவேளை முழுதும் கொடுக்கலாம்.

போட்டி வைக்காதீர்கள், இந்த ஆண்டு வேண்டாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை, பத்துப் பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு நிமிடம். பெஞ்சுகளை வட்டமாகப் போட முடியாவிட்டால் வேப்பமரத்தடி போதும். மைக் தேவையில்லை. மைக் இல்லாதபோது கேட்பவர்கள் நெருங்கி உட்காருவார்கள்.

அந்தப் பெண்ணை முதல் வெள்ளிக்கிழமையே எழுதச் சொல்லிக் கேட்க வேண்டாம். கேட்கிறவளாக வரட்டும், மற்றவர்கள் சொன்னதில் தங்கிய சொல்லைத் திருப்பிச் சொல்லட்டும். சில வாரம் போன பிறகு தனியாக இருக்கும்போது, அந்தக் கவிதையை அம்மாவிடம் சொல்லிக் காட்டினாளா என்று கேளுங்கள். பெரும்பாலும் காட்டியிருக்க மாட்டாள். அம்மா முன்னால் சொல்ல அவளுக்கு விருப்பம் இருந்தால், பெற்றோரை அழைத்து ஒரு மாலை மரத்தடியில் உட்காருங்கள். அவள் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகாத கிழமையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.